சீல் உடைக்காத பெட்டி

"மாமா, போலிச் சரக்கைப் பிடிக்க வர்ற கம்பெனி ஆளு சாதாரண கஸ்டமர் மாதிரிதான் வருவாராம். பின் தெருக் கடையில நேத்து போர்டையே கழட்டிட்டாங்க. பாத்து இருங்க."

மச்சினன் போனில் சொல்லி அரை மணி நேரம்கூட ஆகவில்லை, ஒருவர் கடையின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். கசங்காத சட்டை, கையில் ஒரு தோல் பை. இருப்பதிலேயே உசத்தியான ஹெட்ஃபோன் முன்னால் போய் நின்றார். விலையைக் கேட்கவில்லை.

இவர்தான் அந்தக் கம்பெனி ஆள் என்று கடைக்காரர் முடிவு கட்டிவிட்டார். அந்த ஹெட்ஃபோனைப் பார்க்க வருகிற எல்லோரும் முதலில் விலையைத்தான் கேட்பார்கள். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சுவரைப் பார்ப்பார்கள்.

"கேட்டுப் பாக்கலாமா?"

"தாராளமா சார்."

ஸ்டாண்டில் இருந்தது அசல். அதில் பயமில்லை. பின்னால் அலமாரியில் அடுக்கியிருந்த பெட்டிகள் அத்தனையும் போலி. கேட்டுப் பார்க்க அசல், கட்டிக் கொடுக்கப் போலி, ஒரு வருஷமாக இதுதான் கடையின் நடைமுறை. ஒரு புரோக்கர் கொண்டு வந்து இறக்குவார். யார் செய்கிறார்கள் என்று கடைக்காரர் விசாரித்ததில்லை. விசாரிக்காவிட்டால் பாவத்தில் பாதி குறையும் என்று அவருக்கு ஒரு நினைப்பு.

மாட்டினால் வாசலில் தொங்கும் கம்பெனி போர்டு போய்விடும். போர்டு போனால் கடையும் போன மாதிரிதான். அது மாமனார் வைத்துக் கொடுத்த கடை. பில் போடும் மேஜையிலிருந்து மனைவி ஒரு பார்வை பார்த்தாள். 'நான் அன்னைக்கே சொன்னேன்' என்கிற பார்வை.

வந்தவர் அசலைச் சோப்பு டப்பா அளவிலிருந்த சின்ன ஆம்ப்ளிஃபயரில் செருகிக் கேட்டார். பிறகு, தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் அந்தப் பெரிய ஆம்ப்ளிஃபயரில் மாற்றிச் செருகினார். பாட்டைப் பாதியில் நிறுத்தி, அதே இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டினார்.

"சின்னதுல தூங்குது. பெரிசுல எழுந்து உக்காருது."

"ஆமா சார். கொஞ்சம் முரட்டு ஹெட்ஃபோன். பெரிசா தள்ளி விட்டாத்தான் அசையும்."

"சரி, இப்ப பெட்டியில இருக்கறதுல ஒண்ணு எடுங்க. சீல் உடைக்காதது."

கடைக்காரர் அலமாரியை மறைத்துக்கொண்டு நின்றார். "எதுக்கு சார்? ரெண்டும் ஒண்ணுதானே. சீலை உடைச்சுட்டா அப்புறம்..."

"உடைச்சா உடையட்டும்."

மனைவியே எழுந்து போய் ஒரு பெட்டியைக் கொண்டு வந்து மேஜையில் வைத்தாள். உதவி செய்கிறாளா, பழி வாங்குகிறாளா என்று அவருக்கு விளங்கவில்லை.

"இதைச் சின்னதுலயே கேளுங்க சார். பெரிசு சூடாயிடுச்சு."

கடைசி முயற்சி அது. சின்னதில் போலி நன்றாகவே பாடும், அசலைவிட நன்றாகவே பாடும் என்றுகூடச் சொல்லலாம். பெரியதில்தான் வம்பு. அசலுக்கு வைத்த சத்தத்திலேயே போலியைச் செருகினால் காது கிழியக் கத்தித் தன்னைத் தானே காட்டிக் கொடுத்துவிடும்.

வந்தவர் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. அசலைக் கழற்றினார். சத்தக் குமிழைப் பாதிக்கும் கீழே இறக்கினார். அதற்குப் பிறகுதான் பெட்டியிலிருந்ததைப் பெரியதில் செருகினார்.

கத்தவில்லை. காதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரிந்த இந்த மனுஷன் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும் என்று கடைக்காரர் மனதுக்குள் வாழ்த்தினார்.

வாழ்த்து முடிவதற்குள் குமிழ் ஏற ஆரம்பித்தது. கண்ணை மூடிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். ஓர் இடத்தில் விரல் நின்றது. இடது பக்கத்தை உள்ளங்கையால் அழுத்திக் கேட்டார். பிள்ளையின் மார்க்கைப் பார்த்த அப்பா மாதிரி அவர் முகம் வாடிப்போனது.

"வாங்கிட்டுப் போனவங்க யாராவது திருப்பிக் கொண்டு வந்தாங்களா?"

"ரெண்டு மூணு பேரு..." பொய் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தார். வரவில்லை.

"என்ன சொன்னாங்க?"

"சத்தமா வச்சா ஒரு பக்கம் அதிருதுன்னு..."

வந்தவர் தோல் பையைத் திறந்து ஒரு பொடி ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். காது மெத்தையைக் கழற்றி, மறைந்திருந்த திருகாணிகளைத் தேடாமலே கண்டுபிடித்துச் சுழற்றினார். ஹெட்ஃபோன் மேஜைமேல் இரண்டாகப் பிரிந்து கிடந்தது.

கடைக்காரருக்கு அதற்குமேல் தாங்கவில்லை. கையெடுத்துக் கும்பிட்டார்.

"மன்னிச்சிடுங்க சார். பெட்டியில இருக்கறது அத்தனையும் போலி. பேராசை, வேற என்ன சொல்றது. போர்டை மட்டும் கழட்டிடாதீங்க. இனிமே இந்தச் சரக்கைக் கையால தொட மாட்டேன். என் பொண்டாட்டி மேல சத்தியம்."

மனைவி எழுந்து வந்து அவர் பக்கத்தில் நின்றாள். ஒரு வருஷமாக அவள் அப்படி நின்றதில்லை. என்ன ஆனாலும் ஆகட்டும் என்று அவருக்கு அந்த நிமிஷம் மனசு லேசாகிவிட்டது.

வந்தவர் நிமிர்ந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பதறிப்போய் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

"அப்படிச் சொல்லிடாதீங்க முதலாளி, அடுத்த லாட்ல இந்த அதிர்வு இல்லாம செஞ்சு அனுப்பறேன்."