பிணை நின்ற ரீச்சர்

"அந்தப் பெட்டை வராட்டி உங்களைத்தான் கொண்டுபோவினம், ரீச்சர். விளங்குதோ?"

பள்ளிக்கூட அதிபர் அப்புத்துரை சைக்கிளை வேலியில் சாத்தும் முன்னரே கேட்டுவிட்டார். மல்லாவிச் சந்தைக்கு எதிரே, பாஸ் அலுவலக வாசலில் நின்ற விமலேஸ்வரி ரீச்சர் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. கண் முழுக்கத் தெருவிலேயே இருந்தது.

"விளங்குது, சேர்."

"விளங்கித்தான் கையெழுத்து வைச்சனீங்களோ? கையில ஏறின ஷெல் துண்டை எடுக்க வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போறதெண்டால், அவளின்ர சித்தப்பன் இராயப்பு எல்லோ பிணை நிண்டிருக்க வேணும்? தாய் தகப்பன் இல்லாத பிள்ளைக்குச் சொந்தச் சித்தப்பனே மாட்டன் எண்டிட்டான். நீங்கள் ஆர் அவளுக்கு?"

"படிப்பிச்சனான்."

"நானும்தான் முப்பது வருஷமாப் படிப்பிக்கிறன். ஒருத்தருக்கும் பிணை நிக்கேல்லையே!"

"உங்களிட்டை ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டினம், சேர்."

பக்கத்தில் வெற்றிலை விற்றுக்கொண்டிருந்த மனுசி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதிபர் அவளை முறைத்தார்.

வன்னியை விட்டு வெளியே கால் வைக்க இயக்கத்தின் பாஸ் வேண்டும். பாஸ் கிடைக்க, இங்கே ஒருவர் பிணை நிற்க வேண்டும். போனவர் சொன்ன நாளில் திரும்பாவிட்டால் பிணை நின்றவர் உள்ளே. எப்போது விடுவார்கள் என்று போய்க் கேட்கும் துணிச்சல் யாருக்கும் இருந்ததில்லை. உயர்தர வகுப்புப் பிரேமினியின் பாஸ் இன்றோடு முடிகிறது.

மண்ணெண்ணெய்ப் புகையைக் கக்கிக்கொண்டு ஒரு பஸ் வந்து நின்றது. மூட்டைகள் இறங்கின. ஊன்றுகோலோடு ஒருவர் இறங்கினார். கைக்குழந்தையோடு ஒருத்தி இறங்கினாள். குடைப்பிடியை இறுக்கியிருந்த ரீச்சரின் விரல்கள் வெளுத்துப்போயிருந்தன.

கடைசி ஆளும் இறங்கியாயிற்று. பிரேமினி இல்லை.

ரீச்சர் நீளமாக மூச்சு விட்டார்.

"இப்ப பெருமூச்சு விட்டு என்ன செய்யிறது?" அதிபரின் குரல் இறங்கியிருந்தது. "நான் உங்களை ஏச வரேல்லை, ரீச்சர். உங்கட அம்மா படுக்கையில கிடக்கிறா. அவாவை ஆர் பாக்கிறது?"

"தங்கச்சிக்குச் சொல்லி அனுப்பிப்போட்டன். நாளைக்கு வந்திடுவாள்."

"அப்ப, அந்தப் பெட்டை வராள் எண்டு நீங்களே முடிவு கட்டிட்டியளோ?"

"எதுக்கும் ஆயத்தமா இருக்கவேணும்தானே, சேர்."

அதிபர் தலையில் கை வைத்தார்.

"இதைத்தானே நான் அப்பவே சொன்னனான். படிப்பிக்கிற ஆள் எண்டால் ஒரு எட்டத்தில நிக்கவேணும். நீங்கள் அவளவையின்ர தலையை இழுத்துப் பின்னிவிடுறதும், உங்கட சோத்துப் பாசலைக் குழைச்சுத் தீத்துறதும்! நிதர்சனாவும் உங்கட செல்லம்தானே? போகேக்க உங்களுக்கு ஒரு சொல்லுச் சொன்னவளோ? இயக்கம் பள்ளிக்கூடத்தில வைச்ச கூட்டம் முடிய, அப்பிடியே எழும்பி அவையோட போனவள். பிறகு பெட்டியிலதான் வந்தவள்."

ரீச்சர் குடையை மற்றக் கைக்கு மாற்றினார்.

"அவளுக்கு நான் ஒண்டும் சொல்லேல்லை, சேர். சொல்லியிருக்க வேணும்."

"பிரேமினிக்கு மட்டும் சொல்லிக் கிழிச்சிட்டியளாக்கும்?"

"ஓம். போற அண்டைக்குப் படிச்சுப் படிச்சுச் சொல்லித்தான் ஏத்தி விட்டனான். அவள் என்னை ஏமாத்த மாட்டாள்."

"திங்கட்கிழமை உங்கட வகுப்புக்குத் திரும்பவும் கூட்டமாம். இயக்கத்தில இருந்து காலமையே வந்து சொல்லிப்போட்டுப் போட்டினம். நீங்களும் உள்ளுக்கை போனால் மிச்சம் இருக்கிற பெட்டையளை ஆர் பாக்கிறது? அதையாவது யோசிச்சியளோ?"

தூரத்தில் புழுதி எழும்பியது. அன்றைய கடைசி பஸ்.

அது வந்து நிற்பதற்குள் அதிபர் முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துவிட்டார். ரீச்சரின் உதடுகளும் ஏதோ முணுமுணுத்தன. ஆட்கள் இறங்க இறங்க அதிபர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். முன்கதவால் இறங்க இனி ஆளில்லை.

"சரி, முடிஞ்சுது," என்றார் அதிபர். அவருடைய கண் கலங்கிவிட்டது.

அப்போதுதான் பின்கதவால், கட்டுப் போட்ட கையைக் கழுத்தில் தொங்கவிட்டபடி ஒருத்தி மெல்ல இறங்கினாள்.

"வந்திட்டாள்! ரீச்சர், உங்கட பிள்ளை வந்திட்டாள்!" அதிபர் சின்னப் பொடியன் மாதிரித் துள்ளினார். "நான் தோத்திட்டன், ரீச்சர். பிள்ளையளோட எப்பிடிப் பழகிறதெண்டு இனி உங்களிட்டைத்தான் நான் படிக்கவேணும். நில்லுங்கோ, உள்ளுக்கை சொல்லிப்போட்டு வாறன்!"

அவர் அலுவலகத்துக்குள் ஓடினார்.

பிரேமினி வந்து, நல்ல கையால் ரீச்சரைக் கட்டிக்கொண்டாள். ரீச்சர் அசையவில்லை. பிறகு அவளைப் பிடித்து விலக்கி, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பல்லைக் கடித்தபடி கேட்டார்:

"ஏனடி வந்தனி? ஆஸ்பத்திரியால நேர சிஸ்டர்மாரின்ர மடத்துக்குப் போ, அங்கேயே இருந்து படி, செத்தாலும் இஞ்ச திரும்பி வராதை எண்டுதானே நான் உன்னை அனுப்பினனான்?"

"உங்களைக் கொண்டுபோய் அடைக்க விட்டிட்டு," என்று விம்மினாள் பிரேமினி, "நான் அங்க இருந்து என்னெண்டு ரீச்சர் படிக்கிறது?"