அரை மார்க்

எஸ்தர் அழுதுகொண்டேதான் குழந்தைக்குப் பால் கொடுத்தாள். பிறந்து பதினெட்டு நாள். உள்பக்கமாக மடங்கிக் கிடந்த அதன் வலது பாதத்தை டாக்டர் மங்களேஸ்வரி கையில் எடுத்து, குதிகாலைக் கட்டைவிரலால் அழுத்தினாள். எலும்பு தட்டுப்படவே இல்லை. கன்னத்தைத் தொட்டது போல மெத்தென்று இருந்தது. கோணல் எவ்வளவு கடுமை என்று ஆறுக்கு மார்க் போடுவார்கள். அவள் கணக்குக்கு இது நாலு.

ஆனால் இப்போதெல்லாம், தொட்டதை அளந்து சொல்லும் கணினிக் கையுறை கொடுக்கும் மார்க்தான் செல்லும். அதை மாட்டிக்கொண்டு மறுபடி அழுத்தினாள். திரையில் மூன்றரை வந்தது.

நாலு இருந்தால்தான் உடனே மாவுக்கட்டு. இல்லாவிட்டால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். அதற்குள் பாதம் இறுகிவிடும். இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தாள். அதே மூன்றரை. அந்த மார்க்கை டாக்டர் திருத்த வழியே கிடையாது.

அந்தக் கையுறைக்குப் பாதம் பார்க்கக் கற்றுக்கொடுத்ததே அவள் பழைய நோட்டுகள்தான். அந்தக் காலத்தில் மார்க் எதுவானாலும் எல்லாக் குழந்தைக்கும் கட்டுப் போட்டார்கள். அதனால் கெடுதல் இல்லையென்று, தாய் அழுதால் அரை மார்க்கைக் குறைத்துத்தான் எழுதுவாள். அழாத தாய் யார் வந்தாள்?

"எவ்வளவு டாக்டரம்மா?"

"ஆறுக்கு மூணரை. ஆறு மாசம் கழிச்சு வரச் சொல்லுது."

"அப்ப அவசரமில்லன்னு சொல்லுதா? ஸ்தோத்திரம் ஆண்டவரே!" எஸ்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை மங்களேஸ்வரிக்கு நன்றாகத் தெரியும். அதைப் பார்க்கத்தான் அந்தக் காலத்தில் குறைத்து எழுதினாள்.