மூச்சு எடுக்கும் இடத்தில் மழை

வானொலியில் பழைய பாட்டுகளில் மட்டும் மழை பெய்தது. பாடகி ஒரு வரியை முடித்து மூச்சு எடுக்கும் இடைவெளியில் சோவென்று ஓர் இரைச்சல் எழும். அவள் மறுபடி பாடத் தொடங்கியதும் அடங்கிவிடும். அதே இசைத்தட்டை ஸ்டூடியோவுக்குள் போட்டுக் கேட்டால் மழையே இல்லை. வானொலி நிலையத்தின் பொறியாளர் சகாயமேரி ஊசியை மாற்றினாள், வயர்களை மாற்றினாள், ஆன்டெனா வரை ஏறிப் பார்த்தாள்.

தினமும் பாட்டு கேட்கும் தையல்கடை சுடலைமணி பதினோராவது நாளாகப் போனில் வந்தார். "ஏம்மா, இன்னைக்கும் அங்கன மழைதானா? குடை கொடுத்து விடவா?"

"அண்ணாச்சி, கையெடுத்துக் கும்பிடுதேன், போனை வைங்க."

நிலைய மேலாளர் எட்டிப் பார்த்தார். "நாளையில இருந்து பழைய பாட்டு நேரத்தையே நிறுத்திருவோம்மா. புதுப் பாட்டுல இந்தத் தொல்லை இல்லல்லா?"

"அது ஏன் இல்லைன்னுதான் சார் எனக்கு மண்டை காயுது!"

கத்தியவள் அப்படியே நின்றாள். புதுப் பாட்டில் மூச்சு விடவே இடமில்லை.

ஸ்டூடியோவுக்கும் ஒலிபரப்புக்கும் நடுவில் ஒரு பெட்டி இருந்தது. எந்தக் காலத்துப் பாட்டானாலும் ஒரே அளவில் கேட்க வேண்டும் என்பதற்காக, சத்தம் கூடினால் அமுக்கும், குறைந்தால் தூக்கும். பாடகியின் மௌனமும் அதற்குக் குறைந்த சத்தம்தான். அதைத் தூக்கும்போது தேய்ந்த தட்டின் இரைச்சலும் கூடவே எழுந்து வந்திருக்கிறது.

சகாயமேரி பெட்டியில் ஒரே ஒரு அளவை மாற்றினாள். சத்தம் இந்தக் கோட்டுக்குக் கீழே போனால் எதையும் தூக்காதே. பாட்டு திரும்பி வரும்வரை சும்மா இரு.