குறுக்கே நிற்பவர்

கார் உள்ளே வந்து பத்து நிமிடம் ஆகியும் கராஜ் கதவு மூடுவேனா என்று அடம்பிடித்தது. முழங்கால் உயரம்வரை இறங்கும். சடக்கென்று நின்று, வந்த வழியே மேலே போய்விடும். வெளியே நின்ற மனைவி ரிமோட்டை அமுக்கி அமுக்கி அலுத்துப்போனாள். உள்ளே இருந்த கணவர் போனில் மெக்கானிக்கைப் பிடித்தார்.

"கீழ ரெண்டு பக்கமும் சென்சார் இருக்கும் சார். குறுக்க யாராவது நின்னா சிவப்பு எரியும், கதவு மூடாது. நகர்ந்துட்டா பச்சை."

சிவப்புதான் எரிந்தது. சென்சாரைச் சட்டை நுனியால் துடைத்தார். துடைப்பத்தை எடுத்து ஓரமாக வைத்தார். குறுக்கே ஈ காக்காய்கூட இல்லை. ஆபீஸ் எரிச்சலும் சேர்ந்துகொள்ள, வெறும் வாசலைப் பார்த்துக் கத்தினார்.

"ஒண்ணு உள்ள வா, இல்ல வெளிய போ! நடுவுல நின்னு ஏன் உயிர வாங்குற?"

பச்சை எரிந்தது. கதவு வழுக்கிக்கொண்டு இறங்கி, தரையில் பதிந்தது.

"அப்பாடா!" என்றாள் மனைவி, கதவுக்கு அந்தப் பக்கம்.

"உன் பக்கம் யாராவது வந்தாங்களா?"

"இங்க யாருங்க வரப்போறா? நான் மட்டுந்தான் நிக்கிறேன்."

"சரி, திற."

ரிமோட்டுக்குக் கதவு அசையவில்லை. சுவரில் இருந்த பட்டனுக்கும் அசையவில்லை. அவசரக் கயிற்றை இழுத்துவிட்டுக் கதவைக் கையால் தூக்கிப் பார்த்தார், அதற்கும் அப்படியே. கராஜுக்கு வேறு வழி கிடையாது. மேலே விளக்கும் அணைந்தது.

வெளிச்சத்துக்காகக் காரில் ஏறி உட்கார்ந்தார். பழக்கதோஷத்தில் பெல்ட்டை மாட்டிக்கொண்டு, சாவியைத் திருப்பினார்.

கார் கீச்கீச்சென்று கத்தத் தொடங்கியது. பக்கத்து சீட்டில் இருப்பவர் இன்னும் பெல்ட் போடவில்லையாம்.