பேர் சொன்னால்தான் ஊசி

காய்ச்சலோடு வார்டில் கிடந்த மூட்டை தூக்கும் மருதப்பனுக்கு, நரம்பு ஊசி போடும் ஒவ்வொரு தடவையும் நர்ஸ் ரெஜினா பேர் கேட்பது எரிச்சல்.

"காலையிலதான சொன்னேன், மறந்துட்டியா தாயி?"

"மறக்கல. சொன்னாத்தான் ஊசி."

மத்தியானம் தலைக்குமேல் சுற்றும் காற்றாடிக்கு ஆசைப்பட்டு, பக்கத்துக் கட்டில் துரைக்கண்ணுவோடு இடம் மாற்றிப் படுத்துக்கொண்டார். ரெஜினா ஊசியோடு வந்து பேர் கேட்டாள்.

"கட்டில் அட்டையில இருக்கும், பாத்துக்க" என்று முறைப்பாகக் கையை நீட்டினார்.

அட்டையையும் பார்த்தாள், அவர் மணிக்கட்டுப் பட்டையையும் பார்த்தாள். இரண்டிலும் வேறு வேறு பேர். ஊசியில் ஒட்டியிருந்த சீட்டை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். "நீங்களே படிங்க."

ஐம்பது வயசுக்குமேல் எழுத்துப் படித்தவர் கூட்டிக் கூட்டிப் படித்தார். "து... ரை... அடியாத்தீ, இது அவனுதாச்சே!"

"ஏறியிருந்தா உங்க ஒடம்பு தாங்கியிருக்காது."

"காத்தாடி பத்தலைன்னு என் ஊசியும் கேக்குதாய்யா ஒனக்கு?" என்றார் துரைக்கண்ணு. வார்டே சிரித்தது.

சாயங்காலம் ரெஜினா வாயைத் திறக்கும் முன்னே, அப்பன் பேரையும் சேர்த்து உரக்கச் சொன்னார் மருதப்பன். "பொறு தாயி, சீட்டைக் காட்டு" என்று விரல் வைத்துப் படிக்கத் தொடங்கினார். ஊசி அந்தரத்தில் காத்திருந்தது. அவர் இன்னும் இரண்டாவது எழுத்தில்தான் இருந்தார்.