சரிங்க

பனியன் கம்பெனியிலிருந்து நிறுத்தப்பட்ட செல்லாத்தாளின் கைப்பேசிக்குத் தொழிலாளர் நீதிமன்றத்தின் மின்னஞ்சல் வந்து, தன்னைத்தானே வாசித்து முடித்தது.

“புரிஞ்சுதுங்களா?” என்று கேட்டது.

“சரிங்க” என்றாள்.

“சரிங்கன்னா கடுதாசி சேர்ந்ததா ஆகாதுங்க. என்ன புரிஞ்சுதுன்னு நீங்களே சொல்லோணும்.”

அவளுக்குச் சுருக்கென்றது. ராஜினாமா என்று தெரியாமலே, சூப்பர்வைசர் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டபோதும் “சரிங்க” என்றுதான் சொல்லியிருந்தாள்.

மறுபடி மறுபடி வாசிக்கச் சொன்னாள். மூன்று முறையும் அலுக்காமல் வாசித்தது.

“நானா வேலைய விடலைன்னு, வர்ற வியாழக்கெழம ஜட்ஜய்யாகிட்ட நானே வந்து சொல்லோணும்” என்றாள்.

“இப்பச் சேர்ந்துருச்சுங்க.”

வேலைக்குச் சேர்ந்த இந்தப் பதினெட்டு வருடத்தில் அவளுடைய “சரிங்க”வை ஏற்றுக்கொள்ளாத முதல் ஆள் அதுதான். செல்லாத்தாள் கைப்பேசியைக் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.