ஏய் என்றால் எரியும் விளக்கு

கூடத்து விளக்குக்கு இனி வாயால் சொன்னாலே போதும் என்று, என் கணவர் தனசேகர் சுவரிலிருந்த சுவிட்சுகளைப் பிடுங்கி, ஓட்டையைச் சிமெண்ட் பூசி அடைத்துவிட்டார். அலமாரியில் ஒரு ஸ்பீக்கர் பெட்டியை வைத்தார். அதைக் கூப்பிடுவதற்கு அவர் பதிந்து வைத்த சொல் “ஏய்”. என்னைக் கூப்பிடுவதும் அப்படித்தான். அவர் கூப்பிட்டால் பெட்டி பெண்குரலில் “சொல்லுங்க” என்கிறது. நான் கூப்பிட்டால் சனியனுக்குக் காது கேட்பதில்லை.

இன்று அவர் வேலையிலிருந்து வருவதற்குள் இருட்டிவிட்டது. பிளக்கைப் பிடுங்கிச் சொருகினேன். வைஃபையை அணைத்துப் போட்டேன். அதன் மூஞ்சியோடு மூஞ்சி வைத்து, “ஏய், லைட்டப் போடு” என்றேன். ம்ஹூம். கம்பெனிக்குப் போன் போட்டால், “கொஞ்சம் சத்தமா பேசிப் பாருங்க மேடம்” என்றான் ஒருவன்.

“இதுக்கு மேல கத்துனா பக்கத்து வீட்டு லைட்டுதான் எரியும்” என்று போனை வைத்தேன்.

எனக்குக் கோபம் உச்சி வரைக்கும் ஏறியது. குரலைக் கட்டையாக்கி, அவரைப் போலவே பல்லைக் கடித்துக்கொண்டு கத்தினேன்.

“ஏய்! எத்தன வாட்டி சொல்றது? காதுல பஞ்சு வச்சிருக்கியா? லைட்டப் போடுடீ!”

“சொல்லுங்க” என்றது பெட்டி. பளிச்சென்று விளக்கு எரிந்தது.

உள்ளறையில் படித்துக்கொண்டிருந்த மகள் கவின்மொழி விழுந்தடித்து ஓடிவந்து, அந்த வெளிச்சத்தில் தலைகுனிந்து நின்றாள். நிமிர்ந்து பார்க்கவேயில்லை.

“நான் ஒண்ணும் பண்ணலப்பா” என்றாள்.